400 டாலரில் ஒரு கைத்துப்பாக்கி: வாசகர் கேள்விகள்

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் போதும், அடுத்த வாரமே எனக்குக் கேள்விகள் குவிந்துவிடும். இந்த முறை வந்ததில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். எல்லாம் அமெரிக்காவில் குடியிருப்பவர்கள் கேட்டவை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், அதை மறக்காமல் படியுங்கள்.

சார், இதுவரை துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. பட்ஜெட் 400 டாலர். வீட்டில் வைத்துக்கொள்ள எதை வாங்கலாம்? (ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்)

400 துப்பாக்கிக்கு மட்டுமா, எல்லாவற்றுக்கும் சேர்த்தா? துப்பாக்கிக்கு மட்டும் என்றால் கவலையே இல்லை. 9 மி.மீ. தோட்டா சுடும் வகையில் ரூகர் செக்யூரிட்டி-9, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எஸ்டி9, டாரஸ் ஜி3 எல்லாம் அந்த விலைக்குள் வந்துவிடும். என் ஓட்டு ரூகருக்கு. மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) 15 தோட்டா, ஸ்லைடை (பிஸ்டலின் மேலே நகரும் பகுதி) இழுப்பது ஓரளவு எளிது, ட்ரிகரும் சுமார் ரகமில்லை. இன்னும் 150 டாலர் போட முடிந்தால் க்ளாக் 19. அதற்குப் பாகமும் பெல்ட் உறையும் எந்த ஊரிலும் கிடைக்கும், விற்கப் போனாலும் நல்ல விலை போகும்.

கடையில் ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள். புதிதாக வருபவர்களுக்கு உள்ளங்கையில் அடங்கும் குட்டி பிஸ்டலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், சுட்டால் கை வலிக்கும். அது பாக்கெட்டில் ஒளித்து எடுத்துப்போகச் செய்தது. வீட்டில் அலமாரியில் இருக்கப்போவதற்கு ஏன் சின்னது? துப்பாக்கி கொஞ்சம் பெரிதாகவும் கனமாகவும் இருந்தால் சுடும்போது வரும் உதறல் குறையும், குறியும் தப்பாது.

எல்லாவற்றுக்கும் சேர்த்து 400 என்றால், வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். நல்ல பூட்டுப்பெட்டிக்கு 100, ஒரு நாள் வகுப்புக்கு ஒரு 100, பழகத் தோட்டா, பிறகு சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கட்டணம் என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: துப்பாக்கிக்கு எவ்வளவோ அவ்வளவை மற்றதற்கும் எடுத்து வையுங்கள். 1,000 டாலர் துப்பாக்கி வாங்கி ஒரு பெட்டி தோட்டாகூடச் சுடாதவரைவிட, 300 டாலர் பிஸ்டலில் 500 தோட்டா சுட்டுப் பழகியவரை நான் நம்புவேன்.

போலீஸ் பயன்படுத்திய பழைய க்ளாக் 22 மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (அட்லாண்டா)

தாராளமாக. அது ஏன் மலிவு என்பதில்தான் கதை இருக்கிறது. க்ளாக் 22 சுடுவது .40 தோட்டா, 9 மி.மீ.யைவிடக் கொஞ்சம் தடிமன். ஒரு காலத்தில் அமெரிக்கப் போலீஸில் நிறையப் பேர் இடுப்பில் அதுதான். 2014 வாக்கில் எஃப்பிஐ ஆராய்ந்து பார்த்தபோது, புது வகை 9 மி.மீ. தோட்டாவும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது, உதறலும் கம்மி, மேகசினிலும் கூடுதலாகக் கொள்கிறது என்று தெரிந்தது. எஃப்பிஐ மறுபடி 9 மி.மீ.க்கு மாறியது. ஊர்ப் போலீஸும் ஒவ்வொன்றாகப் பின்னாலேயே போனது. வேண்டாமென்று ஒதுக்கியதெல்லாம் கடைக்கு வந்தது.

பெரும்பாலும் வெளியே உறையில் உரசி நிறம் போயிருக்கும், உள்ளே அதிகம் தேய்ந்திருக்காது. இடுப்பில் தொங்கிய நேரம்தான் அதிகம், சுட்ட நேரம் குறைவு. ரீகாயில் ஸ்பிரிங்கை (சுட்டதும் ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் சுருள்) மட்டும் மாற்றிவிடுங்கள், சில டாலர் வேலை. ஆனால் .40 தோட்டா 9 மி.மீ.யைவிட விலை கூடுதல், உதறலும் கூடுதல். ரொம்பச் சுட்டுப் பழகப் போகிறீர்கள் என்றால் மிச்சம் பிடித்த காசு தோட்டாவில் போய்விடும்.

200 டாலருக்குள் ஹை-பாயின்ட் இருக்கிறதே? (கொலம்பஸ்)

சுடும். செங்கல் மாதிரி கனக்கும், 8 தோட்டாதான் கொள்ளும். கையில் வேறு காசே இல்லை, ஆபத்து நிஜமாகவே வாசலில் நிற்கிறது என்றால் சரி. மற்றபடி இரண்டு மாதம் பொறுத்து ரூகர் வாங்குங்கள்.

நான் எச்-1பி. மனைவி அமெரிக்கக் குடிமகள். அவர் பெயரில் வாங்கி வீட்டில் வைக்கலாம் இல்லையா? (எடிசன், நியூ ஜெர்சி)

தம்பி, இதில் அவசரப்படாதீர்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை 1998 முதல் மத்தியச் சட்டம் தடுக்கிறது. வாங்குவது மட்டுமல்ல, கைவசம் இருப்பதே குற்றம். 15 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். அதைவிட, துப்பாக்கி வழக்கில் தண்டனை வந்தால் நாடு கடத்தவும் வழி இருக்கிறது. பத்து வருடம் க்ரீன் கார்டுக்குக் காத்திருந்தது ஒரே நாளில் போய்விடும்.

வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அதை நம்பி இறங்குமுன் வக்கீலைப் பாருங்கள், நண்பரை அல்ல.

உங்கள் மனைவி தனக்காக வாங்கலாம், அது அவர் உரிமை. கடையில் 4473 படிவத்தில் உண்மையில் வாங்குபவர் யார் என்று கேட்பார்கள். உங்களுக்காக வாங்கிக்கொண்டு தனக்கென்று எழுதினால் அதுவும் குற்றம். வாங்கிய பிறகு அது பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், அந்தப் பெட்டியின் எண்ணோ சாவி இருக்குமிடமோ உங்களுக்குத் தெரியவே கூடாது. சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது என்பதெல்லாம் நீதிமன்றத்தில் எடுபடாது. க்ரீன் கார்டு கைக்கு வந்தால் இந்தத் தடை கிடையாது.

நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கி வாங்கக் காவல்துறையிடம் தனி அனுமதி வாங்க வேண்டும், மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது என்பதையும் மனைவியிடம் சொல்லி வையுங்கள்.

எனக்கு வயது 61, விரல் மூட்டு வலி. ஸ்லைடை இழுக்கவே முடியவில்லை. கடைக்காரர் சின்ன ரிவால்வர் வாங்கச் சொல்கிறார். (நேப்பர்வில்)

அம்மா, அந்தச் சின்ன ரிவால்வரின் ட்ரிகரை ஒருமுறை அழுத்திப் பார்த்தீர்களா? 12 பவுண்டு அளவில் இருக்கும். மூட்டு வலிக்கு அது இன்னும் மோசம். அலுமினியத்தில் செய்த லேசான மாடல் என்றால் உதறலும் கையைப் பதம் பார்க்கும்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் ஷீல்ட் ஈஸி என்று ஒன்று இருக்கிறது, ஸ்லைடு எளிதாக வர வேண்டும் என்றே செய்தது. 9 மி.மீ.யைவிட வலு குறைந்த .380 தோட்டாவில் எடுத்தால் இன்னும் சுலபம். செகண்ட் ஹேண்டில் 9 மி.மீ. எடுத்தால் அது 2020 மார்ச்சுக்கும் அக்டோபருக்கும் இடையில் செய்ததா என்று சீரியல் எண்ணைப் பாருங்கள். அந்தத் தொகுப்பில் ஹாமரில் (தோட்டா வெடிக்கத் தட்டும் பாகம்) கோளாறு என்று நிறுவனமே திரும்ப அழைத்தது.

அப்புறம், ஸ்லைடை இழுக்காதீர்கள். இடது கையால் ஸ்லைடை இறுகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் துப்பாக்கியை முன்னே தள்ளுங்கள். முகப்பு யாரும் இல்லாத பாதுகாப்பான பக்கம் பார்த்து, விரல் ட்ரிகருக்கு வெளியே. என் வகுப்புக்கு வரும் பாதிப் பேருக்கு இதுவே போதும்.

வீட்டில் 5 வயதுப் பையன். கட்டில் மெத்தைக்கடியில் வைத்தால்தானே சட்டென்று எடுக்க முடியும்? (சான் ஹோசே)

பையனும் சட்டென்று எடுப்பான். பட்டன் அழுத்தும் சின்னப் பெட்டி வாங்கிக் கட்டில் சட்டத்தோடு கேபிளால் கட்டிவிடுங்கள். பழகினால் இருட்டிலும் இரண்டு மூன்று விநாடியில் திறக்கலாம். கைரேகைப் பெட்டி எனக்குப் பிடிக்காது. 2023இல் ஒரு நிறுவனத்தின் 61,000 பெட்டிகளைத் திரும்பப் பெற வைத்தார்கள். யார் விரல் வைத்தாலும் திறந்துகொண்டதாம்.

ராத்திரி சத்தம் கேட்டால் முதலில் என்ன செய்வது? (ராலே)

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

நம் வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள். ஜெட்லாக். மூன்று மணிக்கு எழுந்து, நம்மை எழுப்பக் கூடாதென்று விளக்கைப் போடாமல், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு நடப்பார்கள். பிள்ளை எழுந்து பாத்ரூம் போகும். வீட்டில் கேட்கும் பத்துச் சத்தத்தில் பத்தும் நம் ஆட்கள்தான்.

அதனால் துப்பாக்கிக்கு முன்னால் ஒரு நல்ல டார்ச் வாங்குங்கள், 30 டாலருக்குள் கிடைக்கும். துப்பாக்கியோடு மாட்டும் விளக்கு மட்டும் போதாது, யாரென்று பார்க்கவே குழலை அவர்மேல் நீட்ட வேண்டியிருக்கும். சுவரையும் நம்பாதீர்கள். ஜிப்சம் பலகைச் சுவர், எந்தப் பிஸ்டல் தோட்டாவும் இரண்டு மூன்றைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும்.

குரல் கொடுங்கள். தமிழிலேயே, சத்தமாக: "யாரது, அப்பாவா?" பதில் வராவிட்டால் எல்லோரையும் ஓர் அறைக்குள் சேர்த்துக் கதவைப் பூட்டிக்கொண்டு 911ஐ அழையுங்கள். மாடிப்படி இறங்கித் தேடப் போகாதீர்கள், அது போலீஸ் வேலை.