காப்புரிமை முத்திரையை நம்பி வாங்கலாமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுக்கும் பட்டறைக்கும் பொழுதுபோக்குக்கும் உரிய ‘காப்புரிமை பெற்ற’ இயந்திரச் சாதனங்களைப் பற்றி வந்த கடிதங்களுள் சிலவற்றைச் சுருக்கி இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஐயத்தை எழுப்பிய கடிதங்களுக்குச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கைப்பிடியைச் சுழற்றினால் காய்கறி நறுக்கும் சாதனம் ஒன்றின் பெட்டியில் ‘உலகக் காப்புரிமை பெற்றது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். எண் எதுவும் இல்லை. நம்பி வாங்கலாமா? – இல்லத்தரசி ஒருவர்

பதில்: அந்த வாசகத்தை நம்ப வேண்டாம், அம்மா. உலகம் முழுவதும் செல்லுபடியாகும் காப்புரிமை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு நாடும், சில இடங்களில் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் வட்டார அலுவலகமும், தத்தம் எல்லைக்குள் மட்டுமே அந்த உரிமையை வழங்குகின்றன. 1970இல் உருவான காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் வழியே ஒரே விண்ணப்பத்தைப் பல நாடுகளுக்கும் பொதுவாகத் தாக்கல் செய்யலாம் என்பது உண்மை. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு அதை நிர்வகிக்கிறது. ஆனால் அது விண்ணப்பம் மட்டுமே. ‘டபிள்யூ.ஓ.’ என்று தொடங்கும் அந்த விண்ணப்ப எண்ணைத்தான் சில விற்பனையாளர்கள் ‘உலகக் காப்புரிமை’ என்று பெட்டியில் போட்டுக்கொள்கிறார்கள். உங்கள் பெட்டியில் அந்த எண்கூட இல்லை.

எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பேஸ்நெட் தளத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். பெரும்பாலான நாடுகளின் ஆவணங்களில் எண்ணுக்குப் பின்னால் ‘ஏ’ என்ற எழுத்து இருந்தால் அது வெளியிடப்பட்ட விண்ணப்பம் என்றும், ‘பி’ இருந்தால் வழங்கப்பட்ட காப்புரிமை என்றும் கொள்ளலாம். எண் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: ‘காப்புரிமை நிலுவையில்’ என்றால் பாதி உறுதியாகிவிட்டது என்று பொருளா?

பதில்: இல்லை; யாரோ ஒருவர் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார் என்பது மட்டுமே பொருள், அது நாளையே நிராகரிக்கப்படலாம்.

கேள்வி: இரண்டு பிரஷர் குக்கர்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றில் ‘காப்புரிமை பெற்ற மூடி’ என்று இருக்கிறது. மற்றொன்றில் இல்லை, விலையும் குறைவு. விலை குறைந்தது ஆபத்தானதா?

பதில்: காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர் குக்கரை அடுப்பில் ஏற்றிப் பார்ப்பதில்லை. அவர் முன்னால் இருப்பவை வரைபடமும், எந்தெந்தக் கூறுகளுக்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் உரிமைக்கோரிக்கைகளும்தான். இந்த அமைப்பு இதற்கு முன் இல்லாததா, துறை அறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றிவிடக்கூடியதா, தொழிலில் பயன்படுத்தத்தக்கதா என்ற கேள்விகளுக்கு அவர் விடை தேடுகிறார். உறுதி, ஆயுள், பாதுகாப்பு ஆகியவற்றை அளப்பது அவர் வேலையில்லை. காப்புரிமை தருவதெல்லாம், அதே அமைப்பைப் பிறர் செய்து விற்பதைக் குறிப்பிட்ட காலம்வரை தடுக்கும் உரிமையை மட்டுமே.

ஆவியை அடைத்துச் சமைக்கும் கலத்தை டெனி பாப்பின் 1679இலேயே செய்து காட்டிவிட்டார். அழுத்தம் மிகும்போது ஆவியை வெளியேற்றும் காப்பு வால்வும் அவரிடமிருந்தே வந்தது. இன்றைய விளம்பரங்கள் பெருமையாகச் சொல்லும் காப்புரிமை பெரும்பாலும் கைப்பிடியின் பூட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்பது போன்ற ஒரு சிறு கூறைப் பற்றியதாகவே இருக்கும். அது நல்ல முன்னேற்றமாக இருக்கலாம், வெறும் மாறுதலாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டு குக்கர்களிலும் பாதுகாப்புத் தரச் சான்று இருக்கிறதா, உள்ளே அழுத்தம் இருக்கும்போது மூடி திறக்க மறுக்கிறதா, எடை வால்வு அடைத்துக்கொண்டால் இரண்டாவதாக ஒரு காப்பு வால்வு இருக்கிறதா, கேஸ்கெட் தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் தேறினால் விலை குறைந்ததையே வாங்கலாம்.

எலிஷா ஓட்டிஸ் 1854இல் நியூயார்க் கண்காட்சியில், தாம் நின்றிருந்த மேடையின் கயிற்றை மக்கள் முன்னால் வெட்டச் செய்து, மேடை கீழே விழாமல் நிற்பதைக் காட்டினார். அந்த லிஃப்ட் அமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றது 1861இல். கருவி வேலை செய்யும் என்பதற்கு அந்தச் செயல்விளக்கம்தான் சான்று.

கேள்வி: காற்றுக்குழாயில் பொருத்தினால் வாகனத்தின் எரிபொருள் கால் பங்கு மிச்சமாகும் என்று ஒரு சுழலியை விற்கிறார்கள். காப்புரிமை எண்ணும் இருக்கிறது, நானே தேடிச் சரிபார்த்தேன்.

பதில்: வாங்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட 100க்கும் மேற்பட்ட சாதனங்களை மதிப்பிட்டு, குறிப்பிடத்தக்க எரிபொருள் சிக்கனம் தருவதாக அநேகமாக எதையும் காணவில்லை. எண்ணைச் சரிபார்த்த உங்கள் கவனம் பாராட்டுக்குரியது; ஆனால் புதிய வடிவமுள்ள, பயன் சிறிதுமில்லாத சுழலிக்கும் காப்புரிமை கிடைக்கும்.

கேள்வி: படுக்கைக்கு அடியில் மடித்து வைக்கலாம் என்று சொல்லப்பட்ட ‘காப்புரிமை பெற்ற மடிப்புத் தொழில்நுட்பம்’ கொண்ட உடற்பயிற்சி இயந்திரத்தை வாங்கினேன். மடித்தாலும் கட்டிலுக்கு அடியில் போகவில்லை. மடித்த உயரம் விவரத் தாளில் இருந்ததாம், நான் பார்க்கவில்லை. இதே போல் முன்பு ஒரு மடிப்பு ஏணியும் வாங்கி ஏமாந்தேன். பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

பதில்: திருப்பி அனுப்பும் கெடு முடியாதிருந்தால் இன்றே அனுப்பிவிடுங்கள், முடிந்திருந்தால் வழியில்லை. உயரத்தை எழுதியே கொடுத்திருக்கிறார்கள். ஏணியிலும் இதுவே நடந்த பிறகு, அளவுநாடாவை எடுக்காமல் மூன்றாவது பொருளை வாங்காதீர்கள்.

கேள்வி: சிறு பொதிகட்டும் பட்டறை நடத்துகிறேன். காப்புரிமை பெற்ற பிடிப்பு அமைப்புள்ள இயந்திரம் நன்றாகத்தான் ஓடியது. இப்போது உள்ளே அச்சைத் தாங்கும் வளையமான ஒரு புஷ்ஷும் ஒரு பேரிங்கும் தேய்ந்துவிட்டன. தயாரித்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. லேத் பட்டறையில் கடைந்து போட்டுக்கொண்டால் காப்புரிமை மீறலாகுமா என்று பயமாக இருக்கிறது. – பட்டறை உரிமையாளர் ஒருவர்

பதில்: பயப்படாதீர்கள், ஐயா. விலை கொடுத்து முறையாக வாங்கிய இயந்திரத்தைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதே பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் ஏற்கும் நிலை. காப்புரிமை பெற்ற முழு அமைப்பில் தேய்ந்துபோன ஒரு பாகத்தை மாற்றுவது பழுதுபார்ப்பே, புதிதாக உருவாக்குவதாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961இலேயே, கார்களின் மடக்குக் கூரைத் துணி பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தப் பாகத்துக்கே தனியாகக் காப்புரிமை இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். அதையும் எண்ணைக் கொண்டு பார்த்துவிடலாம்: விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டுகள்தான் காப்புரிமைக்கு ஆயுள், இடையில் புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தாவிட்டால் அதற்கு முன்பே காலாவதியாகிவிடும். மூடப்பட்ட நிறுவனங்கள் பலவும் அந்தக் கட்டணத்தைச் செலுத்துவதில்லை.

இன்னொன்றும் செய்யுங்கள். துறை அறிந்த ஒருவர் படித்துச் செய்யக்கூடிய அளவுக்குக் கண்டுபிடிப்பை விளக்க வேண்டும் என்பதுதான் காப்புரிமைக்கு ஈடாகச் சட்டம் விதிக்கும் கட்டாயம். ஆகவே அந்த ஆவணத்தின் வரைபடங்களைப் பதிவிறக்கி லேத்காரரிடம் கொடுங்கள். அளவுகள் பெரும்பாலும் இருக்காது. ஆனால் எந்தப் பாகம் எதன்மேல் உராய்கிறது, எங்கே எண்ணெய் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். அளவுகளைப் பழைய பாகத்தின் தேயாத பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இனி, பல ஆண்டுகளாக என் மனத்தை அறுத்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் பேரிங்கின் எண்ணைக் குறிப்பிடவில்லை. அதில் எண் பொறித்திருந்தால் உங்களுக்கு எந்தக் கவலையும் இல்லை. 6204 என்று இருந்தால் உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47, அகலம் 14. யார் செய்தாலும் அளவு அதுவே. சறுக்குச் சக்கரங்களில் இருக்கும் 608 என்றால் 8, 22, 7. ஜோசப் விட்வொர்த் 1841இல் திருகு மரைகளுக்கு ஒரே அளவுமுறையை முன்வைத்த நாளிலிருந்து எத்தனையோ பொறியாளர்கள் உழைத்து, ஒருவர் செய்த திருகு மற்றொருவர் செய்த மரைக்குப் பொருந்தும்படியான உலகத்தை உருவாக்கித் தந்தார்கள். அந்த உழைப்பைச் சில தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே பாழாக்குகிறார்கள். 20 மி.மீ. போதுமான இடத்தில் 20.6 வைப்பதும், சாதாரண ஸ்க்ரூ போதுமான இடத்தில் தங்கள் ஸ்க்ரூடிரைவருக்கு மட்டுமே மசியும் தலையை வைப்பதும், கழற்றக்கூடிய மூடியைப் பசையிட்டு ஒட்டிவிடுவதும் கண்டுபிடிப்பின் பகுதிகளே அல்ல. காப்புரிமை ஆவணத்தைப் படித்தால் அவற்றைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. வாங்கியவர் உதிரிபாகத்துக்காகத் தங்கள் வாசலிலேயே நிற்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு நோக்கம் எனக்குத் தெரியவில்லை.

நான் வாங்கிய மிதிப் பயிற்சிப் பொறி ஒன்றும் இப்படித்தான் போனது. அதன் தடை அமைப்பு உண்மையிலேயே அருமையான கண்டுபிடிப்பு. காந்தம் தட்டை நெருங்க நெருங்க மிதிப்பு கனக்கும், உராய்வு இல்லாததால் தேய்மானமும் இல்லை. ஆனால் மிதி அச்சின் பேரிங் எந்த அட்டவணையிலும் இல்லாத அளவில் செய்யப்பட்டிருந்தது. அது உடைந்த பிறகு, நல்ல நிலையிலிருந்த காந்தமும் சட்டமும் பழைய இரும்பு விலைக்குப் போயின. விற்றவர் ‘புதிய மாதிரி வந்துவிட்டது’ என்று மட்டும் சொன்னார்.

ஆகவே வாங்குவதற்கு முன், தேயும் பாகங்கள் எவை, அவற்றின் எண் என்ன, எத்தனை ஆண்டுகளுக்கு அவை கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். இயந்திரத்தைச் சாதாரண ஸ்பேனரால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பேரிங்கில் எண் இல்லாவிட்டால், புஷ்ஷை வெண்கலத்தில் கடையச் சொல்லும்போதே, அருகிலுள்ள பொது அளவு பேரிங் உட்காரும்படி உறையையும் திருத்தித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை எங்கு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: சுழற்றும் வண்ணக் கனசதுரப் புதிரின் மலிவுப் பதிப்பைக் குழந்தைக்கு வாங்கினேன். இது திருட்டுப் பொருளா?

பதில்: இல்லை. எர்னோ ரூபிக் ஹங்கேரியில் விண்ணப்பித்தது 1975இல். அந்தக் காப்புரிமை முடிந்து நெடுநாளாயிற்று. தொழில்நுட்பப் பயனுக்காக அமைந்த வடிவத்தை வணிகச்சின்னமாக்கி என்றென்றும் கட்டிப்போட முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2016இல் இதே கனசதுரம் பற்றிய வழக்கில் சொல்லியிருக்கிறது. பெயரைத் திருடி ஒட்டியிருந்தால்தான் தவறு. இறுக்கமாக இருந்தால் நடுத்துண்டின் மூடியை நீக்கித் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள்.

கேள்வி: ஒருமுறை சுழற்றிவிட்டால், தான் எடுப்பதைவிட அதிக மின்சாரம் தரும் ஃபிளைவீல் இயந்திரம் என்று சொல்லி என்னிடம் முன்பணம் வாங்கினார்கள். அரை மணி நேரம் ஓட்டியும் காட்டினார்கள். சான்றிதழ்போல ஒரு காப்புரிமைத் தாளும் கொடுத்தார்கள். இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. சேமிப்பு முழுவதும் போய்விட்டது.

பதில்: மிகவும் வருந்துகிறேன். நீங்கள் அஜாக்கிரதையாக நடந்துகொள்ளவில்லை. செயல்விளக்கம் கேட்டீர்கள், தாளும் கேட்டீர்கள். ஏமாற்றுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இரண்டையும் தயாராக வைத்திருக்கிறார்கள். கனமான ஃபிளைவீல், முன்பே ஏற்றிய ஆற்றலைக் கொண்டு நெடுநேரம் சுழலும். மறைவான ஒரு மின்கலம் இருந்தால் இன்னும் நெடுநேரம் சுழலும். ஆனால் எடுத்ததைவிட அதிகமாக எந்த இயந்திரமும் தராது. பாரிஸ் அறிவியல் கழகம் 1775இலேயே இத்தகைய திட்டங்களை இனி ஆராய்வதில்லை என்று அறிவித்துவிட்டது. பொதுவாக மாதிரி கேட்காத அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமும் நிரந்தர இயக்கம் என்று சொல்லி வருபவரிடம் மட்டும் இயங்கும் மாதிரியைக் கேட்கும்.

அந்தத் தாளின் எண்ணைத் தேடுங்கள். அது பெரும்பாலும் போலியாகவோ, வெறும் விண்ணப்பமாகவோ, இயந்திரத்தின் புறத் தோற்றத்துக்கான வடிவமைப்புப் பதிவாகவோ இருக்கும். காப்புரிமை இல்லாததை உண்டென்று காட்டி விற்பது பல நாடுகளில் தனிக் குற்றம். ஆகவே தேடலின் அச்சுப்பிரதி உங்கள் புகாருக்கு வலுவூட்டும். ரசீது, விளம்பரம், குறுஞ்செய்திகள், பணம் மாற்றிய விவரம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, நுகர்வோர் குறைதீர் அமைப்பிடமும் காவல் துறையிடமும் ஒரே வாரத்தில் கொடுங்கள். அட்டை மூலம் செலுத்தியிருந்தால் முதலில் வங்கியிடம் போங்கள். அங்கே கெடு குறைவு.

கேள்வி: நான் ஃபிட்டர். வளைந்த குழாயையும் நழுவாமல் பிடிக்கும் ஒரு கிளாம்ப் செய்தேன். காப்புரிமை வாங்கித் தந்து பெரிய நிறுவனத்துக்கு விற்றுத் தருவதாகச் சொன்னவர்களிடம் பணம் கட்டினேன். வந்தது வடிவமைப்புப் பதிவு மட்டும்தான்.

பதில்: உங்களுக்கும் அநீதியே நடந்திருக்கிறது, தம்பி. வடிவமைப்புப் பதிவு கிளாம்ப்பின் தோற்றத்தை மட்டும் காக்கும். வெளித்தோற்றத்தை மாற்றிக்கொண்டு உள்ளே இருக்கும் பிடிப்பு முறையை எவரும் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய முகவர்கள் தங்கள் வாடிக்கையாளர்களுள் எத்தனை பேர் கட்டியதைவிட அதிகம் ஈட்டினார்கள் என்பதை ஒப்பந்தத்துக்கு முன் எழுத்தில் சொல்லியாக வேண்டும். சட்டம் இல்லாத இடத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். பதில் வராவிட்டால் பணம் கட்ட வேண்டாம்.

இப்போது உடனே செய்ய வேண்டியது வேறு. அந்தப் பதிவு ஏற்கெனவே வெளியிடப்பட்டுவிட்டதா, கிளாம்ப்பைக் கண்காட்சியிலோ காணொளியிலோ காட்டினார்களா என்று தேதியுடன் கண்டறியுங்கள். வெளியே தெரிந்துவிட்ட கண்டுபிடிப்பைப் பல நாடுகள் புதியதாக ஏற்பதில்லை. சில நாடுகளே, அதுவும் சில மாதங்கள் முதல் ஓராண்டுவரை, சலுகை தருகின்றன. உள்ளே இருக்கும் பிடிப்பு முறை இன்னும் வெளிவரவில்லை என்றால் உங்களுக்குக் காலம் இருக்கிறது. பதிவு பெற்ற காப்புரிமை முகவர் ஒருவரை நேரில் பார்த்து, கோப்பை அவரிடம் கொடுத்து, உங்கள் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். அதுவரை அந்தக் கிளாம்ப்பை யாரிடமும் காட்டாதீர்கள். என்னிடம் அனுப்புவதாக எழுதியிருக்கும் படத்தையும் அனுப்ப வேண்டாம்.