உட்புறத்தையும் காட்டுங்கள்: தையல் கேள்வி – பதில்

இணையவழித் தையல் குழுக்களைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் துணியையும் ஊசியையும் பற்றியவை குறைவு. மனிதர்களைப் பற்றியவையே மிகுதி. ஆகவே இம்முறை அளவும் வெட்டும் சற்றுப் பின்னால் நிற்கின்றன. முழுவதும் விலகி நிற்காது என்பதைப் படிக்கும்போது காண்பீர்கள்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு, ஐம்பத்தொன்பதாம் வயதில் தையல் கற்றுக்கொண்டேன். ஓராண்டாக ஓர் இணையக் குழுவில் இருக்கிறேன். மற்றவர்கள் தைத்ததைப் பார்த்து ‘அருமை’ என்று எழுதுவதோடு சரி. என் தையல் எதையும் காட்டத் துணிந்ததில்லை. ஒருவரும் என்னை ஒதுக்கவில்லை. ஆனாலும் வாசற்படியிலேயே நிற்பதாகத் தோன்றுகிறது. — ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்கள் வாசற்படியில் நானும் நின்றிருக்கிறேன். கை வைத்த சட்டை ஒன்றை முதன்முதலாகத் தைத்து முடித்தபோது, அதை நன்றாக இஸ்திரி போட்டு, நல்ல வெளிச்சத்தில், கைப்பகுதி தெரியாதபடி சற்றே திருப்பி நின்று படம் எடுத்துக் குழுவில் போட்டேன். நிறையப் பாராட்டு வந்தது. அந்தப் பாராட்டில் ஒன்றுகூட என்னிடம் தங்கவில்லை. ஏனென்றால் அந்தச் சட்டை உடுத்த முடியாத சட்டை என்பது எனக்குத் தெரியும். கையை முன்னால் நீட்டினால் முதுகுப்புறம் இழுத்துப் பிடித்தது. முன்புறத் தோளடியில் துணி மிஞ்சி மடிந்தது.

ஒரு வாரம் பொறுத்து, வெட்கத்தை விட்டு உள்ளதை எழுதினேன். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியிராத ஓர் அம்மையார், ‘சட்டையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து ஒரு படம் அனுப்புங்கள்’ என்று கேட்டார். அனுப்பினேன். கையின் மேல் வளைவு இருபுறமும் ஒன்றுபோல இராது. கை முன்னால் நீளவேண்டும் என்பதற்காக முன்பக்கம் அதிகமாகக் குடைந்தும், பின்பக்கம் அவ்வளவு குடையாமலும் வெட்டுவார்கள். நான் வலக்கைத் துணியை இடது கைக்குழியில் வைத்துத் தைத்திருந்தேன். அதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு வரி சேர்த்தார்: ‘நான் இதை இரண்டு முறை செய்திருக்கிறேன், இரண்டாம் முறை அது இன்னொருவர் துணி.’ அன்று மாலை நான் தையலைப் பிரித்து முடிக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய தாயார் நோயில் கிடந்த மாதங்களில் நாங்கள் துணியைப் பற்றிப் பேசியதே குறைவு. இதுவரை நேரில் பார்த்ததில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். முடித்ததைக் காட்டுவதற்குத் துணிவு வரும்வரை காத்திராமல், முடியாமல் நிற்பதைக் காட்டுங்கள். அதையும் உட்புறத்தோடு காட்டுங்கள். தையல் தெரிந்தவர் கண் இயல்பாகவே உட்புறத்துக்குத்தான் போகும். எந்தத் துணி, எந்த எண் ஊசி, எந்த இடத்தில் தவறியது என்று எழுதிக் கேட்டால், பதில் சொல்பவருக்கும் பிடிமானம் கிடைக்கும். ‘எனக்குச் சரியாக வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் ஆறுதல் கிடைக்கும். ஆறுதல் சொன்னவர் மறுநாள் உங்களை மறந்துவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் இந்நேரம் குழுவில் இருப்பார்கள். அவர்களில் யாராவது, துணிக்கு அடியில் நூல் கூடுபோலச் சிக்கிக்கொள்கிறது என்று நிச்சயம் கேட்பார். எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு மேல் நூலில் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துபாதத்தைத் தாழ்த்தி வைத்துக்கொண்டே நூல் கோத்தால், நூலுக்கு இறுக்கம் தரும் டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருப்பதால் நூல் அவற்றுக்கு நடுவே உட்காராது. மேலே பிடிப்பில்லாத நூல் கீழே போய்க் குவியும். பாதத்தைத் தூக்கிவிட்டு மேல் நூலை முதலிலிருந்து கோத்தால் போதும். ஓராண்டு தைத்த உங்களுக்கு இது தெரிந்திருக்கும். அந்தப் பதிலை நீங்கள் எழுதுங்கள். பாராட்டும்போதும் ‘அருமை’ என்பதை விட்டுவிட்டு, ‘காலர் முனையை இவ்வளவு கூராக எப்படித் திருப்பினீர்கள்?’ என்று கேளுங்கள். தைத்தவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார், நானெல்லாம் காத்திருக்கிறேன்.

கேள்வி: சிறுவயது நோயினால் என் இடுப்பின் ஒரு பக்கம் உயர்ந்திருக்கும். நான் தைக்கும் பாவாடைகளின் கீழ் ஓரம் ஒரு பக்கம் ஏறியே நிற்கிறது. குழுவில் கேட்கலாம் என்றால் அளவுகளையும் படத்தையும் காட்டவேண்டும். உடம்பைக் காட்சிப்பொருளாக்குவது போல இருக்கிறது. — பெயர் வேண்டாம்

பதில்: முதலில் பாவாடை. கீழ் ஓரத்தை வெட்டி மட்டப்படுத்தாதீர்கள். அங்கே தவறு இல்லை. உயர்ந்த பக்கத்தில் இடுப்பின் மேட்டைக் கடந்துவரத் துணிக்கு நீளம் போதவில்லை, அதனால் ஓரத்தை மேலே இழுக்கிறது. துணியை இரண்டாக மடித்து வெட்டும் வழக்கத்தை விட்டு, இடமும் வலமும் தனித்தனியாக வரைந்து, உயர்ந்த பக்கத்தில் இடைக்கோட்டுக்கு மேல் தேவையான நீளத்தைக் கூட்டுங்கள். பழைய துணியில் ஒரு மாதிரி தைத்துப் பார்த்துவிட்டு நல்ல துணியில் கத்திரி வையுங்கள்.

இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையல்காரர் 1863-இல் அளவு வாரியாகக் காகிதப் பேட்டர்ன்களை, அதாவது துணியின் மேல் வைத்து வெட்டும் மாதிரி வடிவங்களை, விற்கத் தொடங்கினார். வீட்டில் தைப்பவர்களுக்கு அது பெரும் உதவி. ஆனால் இத்தகைய பேட்டர்ன் என்பது ஒரே ஓர் அடிப்படை அளவை வரைந்து, அதைப் படிப்படியாகப் பெருக்கியும் குறைத்தும் எடுப்பது. இடமும் வலமும் ஒன்றாக இருக்கும் ஓர் உடம்பு அதில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. நம்மில் எவர் உடம்பும் அதுவல்ல. உங்களுக்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

நல்ல தையல் குழுக்களில் நான் மிகவும் மதிப்பது அவர்களுடைய பேச்சு. குறுக்கே இழுபடும் சுருக்கத்தைக் கண்டால் ‘இங்கே துணி போதவில்லை’ என்பார்கள். நெடுக்கே தொங்கும் மடிப்பைக் கண்டால் ‘இங்கே துணி மிஞ்சுகிறது’ என்பார்கள். குறை எப்போதும் துணியின் தலையில்தான் ஏறும். உடம்பின் தலையில் ஏறாது. இது வெறும் நாகரிகம் அன்று. உடம்பை மாற்ற முடியாது, துணியை மாற்றலாம் என்ற தொழில் கணக்கு அது. பல ஆண்டுகள் கண்ணாடி முன் தம்மையே குறை சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒரு சொல்மாற்றம் என்ன செய்கிறது என்பதைப் பலர் எழுதிக் கேட்டிருக்கிறேன். முகம் தெரியாமல், இடையிலிருந்து ஓரம்வரை மட்டும் படம் எடுத்து அனுப்பலாம். அல்லது படமே இல்லாமல், இரண்டு பக்கமும் இடையிலிருந்து தரைவரை அளந்த இரண்டு எண்களை மட்டும் எழுதலாம். உங்களைப் போன்ற இடுப்புள்ளவர் ஒருவராவது அங்கே இருப்பார். அவரும் இதுவரை பேசாமல் இருந்திருக்கலாம்.

அதே குழுவில் உங்கள் உடம்பைப் பற்றி ஒருவர் பேசத் தொடங்கி, மற்றவர்கள் அதைத் தடுக்காமல் இருந்தால், வேறு குழுவைத் தேடுங்கள். அங்கே இருந்து போராடவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கேள்வி: நான் ஆண். பொழுதுபோக்காகத் தைக்கிறேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். குழுவிலோ எல்லோரும் என்னைச் ‘சகோதரி’ என்றே அழைக்கிறார்கள். திருத்தினால் விலக்கிவிடுவார்களோ என்று பேசாமல் இருக்கிறேன். — ஒரு வாசகர்

பதில்: ஐயா, உங்கள் நண்பர்களுக்குச் சொல்வதற்கு ஒரு செய்தி தருகிறேன். பாரிஸ் நகரில் பெண்களுக்கு மேலாடை தைக்கும் உரிமைகூட ஒரு காலத்தில் ஆண் தையல்காரர்களின் சங்கத்திடமே இருந்தது. பதினான்காம் லூயி மன்னர் 1675-இல் அனுமதி அளித்த பிறகே தைக்கும் பெண்களுக்கென்று தனிச் சங்கம் வந்தது. அன்று உரிமை கேட்டு நின்றவர்கள் பெண்கள். இன்று கூச்சப்பட்டு நிற்பவர் நீங்கள். ஊசிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

குழுவில் ஒரே ஒரு முறை, விளக்கமோ மன்னிப்போ இல்லாமல், ‘நான் சகோதரி அல்ல, சகோதரன், இந்த ஜிப் ஏன் அலையலையாக நிற்கிறது?’ என்று எழுதுங்கள். ஜிப்பைப் பற்றித்தான் பதில் வரும். பெண்கள் மட்டும் என்று முன்பே அறிவித்த குழுவாக இருந்தால் அந்த விதியை மதித்து விலகிவிடுங்கள். அங்கே அடையாளத்தை மறைத்து இருப்பது சரியன்று.

கேள்வி: குழுவில் எனக்கு நான்கு தோழியர் கிடைத்திருக்கிறார்கள். தினமும் பேசுகிறோம். ‘முகம் பார்க்காதவர்கள் எப்படி நண்பர்கள் ஆவார்கள்?’ என்று என் கணவர் கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. — ஒரு வாசகி

பதில்: 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபின், சாங்கி சிறையில் பொதுமக்களான பெண்களையும் ஆண்களையும் பிரித்து அடைத்தார்கள். உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய வழியில்லை. கனடா நாட்டுப் பெண்மணி எதெல் மல்வேனியின் யோசனைப்படி, அங்கிருந்த பெண்கள் ஆளுக்கொரு சதுரத் துணியில் தம் பெயரோடு ஏதேனும் ஒரு படத்தைக் கையால் தைத்தார்கள். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள் வீதம் மூன்று போர்வைகள். காயம்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்களுக்கு ஒவ்வொன்று. ஜப்பானிய வீரர்களுக்கும் ஒன்று. மூன்றாவதைச் சேர்த்ததில் இருக்கும் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். ஒப்படைக்கும் அதிகாரிகளுக்கு அது வெறும் போர்வை; பெயரைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது ‘நான் இருக்கிறேன்’ என்ற செய்தி. அவற்றுள் இரண்டு இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன.

உங்கள் வீட்டைச் சிறை என்று சொல்ல வரவில்லை. கணவர் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முகம் பாராமலும் ஒரு துண்டுத் துணி ஆளுக்கு ஆள் எவ்வளவு சுமந்து செல்லும் என்பதற்காகச் சொன்னேன். அந்த நால்வரில் ஒருவர் அனுப்பும் படத்தைப் பெயர் பார்க்காமலே இன்னார் தையல் என்று உங்களால் சொல்ல முடிகிறதா? ஒருவர் ஓட்டுத்தையலை நெருக்கமாகப் போடுவார், இன்னொருவர் எத்தனை முறை சொன்னாலும் ஓரத்தை அகலமாகவே மடிப்பார். சொல்ல முடிகிறதென்றால், முகத்தை அறிந்தவர்களுக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் அறிந்திருக்கிறீர்கள்.

கணவரின் ஐயத்தில் நியாயமான பாதியும் உண்டு. பணம் கேட்பவர், குழுவை விட்டுத் தனியே பேச அவசரப்படுபவர், தைத்த பொருளின் படம் ஒன்றையும் ஒருபோதும் காட்டாதவர் ஆகியோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வீட்டு முகவரியைத் துணி மாதிரி அனுப்புவதற்காகக்கூட உடனே தரவேண்டாம்.

கேள்வி: ஊசி எண்ணைப் பற்றிக் கேட்டேன். ‘இதுகூடத் தெரியாதா, பழையதைத் தேடிப் படியுங்கள்’ என்று ஒருவர் எழுதிவிட்டார். அன்றிலிருந்து குழுவுக்கே போகவில்லை. — ஒரு வாசகி

பதில்: ஒருவருடைய சிடுசிடுப்புக்குக் குழு முழுவதையும் பொறுப்பாக்காதீர்கள், அன்று அவருக்கு எந்தத் தையல் கெட்டதோ. உங்கள் கேள்விக்கு விடை: ஊசி உறையில் காணும் 90/14 என்பதில் 90 என்றால் ஊசித்தண்டின் கனம் 0.9 மில்லிமீட்டர், 14 என்பது அதே ஊசிக்கு வேறொரு முறையில் வழங்கும் எண். எண் ஏற ஏற ஊசி தடிக்கும். மெல்லிய துணிக்கு 70, நடுத்தரத்துக்கு 80 அல்லது 90, ஜீன்ஸ் போன்றவற்றுக்கு 100 வைத்துத் தொடங்கலாம். அடுத்த முறை இதே கேள்வியை யாராவது கேட்டால் இதை அப்படியே எழுதிவிடுங்கள்.

கேள்வி: உடல்நலக் குறைவால் எட்டு மாதம் எதுவும் தைக்கவில்லை, குழுவிலும் எழுதவில்லை. இப்போது திரும்பிப் போகக் கூச்சமாக இருக்கிறது. எட்டு மாதத்தையும் விளக்கவேண்டுமா? — ஒரு வாசகர்

பதில்: வேண்டாம், ஐயா. விளக்கத் தொடங்கினால் நோயைப் பற்றிய கேள்விகளுக்கே ஒரு வாரம் பதில் எழுதவேண்டி வரும். இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டு, பாபின் கூட்டுக்கு அடியில் சேர்ந்திருக்கும் பஞ்சைத் தூரிகையால் எடுத்து, பழைய துணியில் நான்கு கோடு ஓட்டிப் பாருங்கள். அந்தக் கோடுகளின் படத்தை, மேற்புறம் ஒன்றும் அடிப்புறம் ஒன்றுமாகப் போட்டு, ‘அடிநூல் சற்றுத் தளர்வாக இருக்கிறதா?’ என்று கேளுங்கள். முதலில் வரும் பதில் அநேகமாக டென்ஷனைப் பற்றி இராது.