1955–56இல் நடந்த முதல் ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்துத் தொடரில் ஆடிய கிளப்புகள் எல்லாம் உண்மையிலேயே தங்கள் நாட்டின் சாம்பியன்களா? அந்தத் தொடர் எப்படித் தொடங்கியது?

இல்லை. இன்று சாம்பியன்ஸ் லீக் என்று அழைக்கப்படும் தொடரின் முதல் பதிப்பில் ஆடிய 16 கிளப்புகளில், அதற்கு முந்தைய பருவத்தில் தம் நாட்டு லீக்கை வென்றவை ஏழு மட்டுமே: ஸ்பெயினின் ரியல் மாட்ரிட், பிரான்ஸின் ரீம்ஸ், இத்தாலியின் மிலான், பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட், மேற்கு ஜெர்மனியின் ராட்-வைஸ் எசன், ஸ்வீடனின் ஜுர்கோர்டன், டென்மார்க்கின் ஆர்ஹுஸ். மற்ற ஒன்பதும் அந்தப் பட்டம் இல்லாமலே அழைப்பின் பேரில் வந்தவை. இதை அந்தத் தொடரின் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அழைப்பு முறை இல்லாவிட்டால் அந்த ஆண்டு தொடரே நடந்திருக்காது என்பது என் கருத்து. அது ஏன் என்பதை விளக்க, கேள்வியின் இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும்.

1954 டிசம்பர் 13 அன்று இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் (சுருக்கமாக வுல்வ்ஸ்) அணி தன் மோலினூ மைதானத்தில், மின்னொளியில், ஹங்கேரியின் ஹொன்வேத் அணியுடன் ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. முந்தைய ஆண்டுதான் ஹங்கேரி தேசிய அணி வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6–3 என்று வீழ்த்தியிருந்தது; 1954 மே மாதத்தில் புடாபெஸ்டில் 7–1 என்று மீண்டும் நொறுக்கியிருந்தது. அந்த அணியின் புஷ்காஷ், கோசிஷ், போசிக் ஆகியோர் ஹொன்வேத் வீரர்கள். இடைவேளையில் 2–0 என முன்னிலை பெற்றிருந்த ஹொன்வேத், சேறாகிப்போன தரையில் தளர்ந்து, இறுதியில் 3–2 என்று தோற்றது. காயம்பட்டிருந்த இங்கிலாந்துக்கு இது பெரும் ஆறுதலாக அமைந்ததால், வுல்வ்ஸ் அணியை உலகின் சாம்பியன் என்றே அந்நாட்டுப் பத்திரிகை எழுதியது.

அதைப் படித்துப் பொறுக்க முடியாதவர், பாரிஸ் நகரின் விளையாட்டு நாளிதழான லெக்கீப்பில் கால்பந்துப் பகுதியைக் கவனித்துவந்த கேப்ரியேல் ஹனோ. அவரே பிரான்ஸ் அணிக்காக ஆடியவர். வுல்வ்ஸ் மாஸ்கோவுக்கும் புடாபெஸ்டுக்கும் சென்று ஆடி வெல்லட்டும், மிலானும் ரியல் மாட்ரிட்டும் போன்ற அணிகள் இருக்கும்போது சொந்த மைதானத்தில் கிடைத்த ஒரு வெற்றியை வைத்து முடிசூட்டக் கூடாது, ஐரோப்பியக் கிளப்புகளுக்கு என ஒரு முறையான தொடர் வேண்டும் என்ற கருத்தை அவர் சில நாட்களிலேயே எழுதினார். அவருடைய சக பத்திரிகையாளர் ஜாக் ஃபெரான் இந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்து விதிகளை வகுத்தார். 1948இல் சிலியின் சாண்டியாகோவில் தென் அமெரிக்கச் சாம்பியன் கிளப்புகளுக்காக நடந்த தொடர் அவருக்கு முன்மாதிரியாக இருந்தது; பிரேசிலின் வாஸ்கோ ட காமா வென்ற அந்தத் தொடரை, இதன் மூத்த உறவு என்றே நான் கருதுகிறேன். ஐரோப்பாவைப் பற்றிப் பேசுவோர் அதை மறந்துவிடுவது நியாயமில்லை.

ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் கூட்டமைப்பான யுஇஎஃப்ஏ 1954 ஜூன் மாதத்தில்தான் பிறந்திருந்தது. தேசிய அணிகளின் போட்டிகளே அதன் முதன்மைக் கவலையாக இருந்ததால், 1955 மார்ச்சில் வியன்னாவில் கூடியபோது கிளப் தொடரை நடத்தும் பொறுப்பை அது ஏற்க முன்வரவில்லை. எனவே லெக்கீப் தானே கிளப்புகளுக்கு நேரடியாக அழைப்பு அனுப்பி, ஏப்ரல் 2, 3 ஆகிய நாட்களில் பாரிஸில் கூட்டம் நடத்தியது. ரியல் மாட்ரிட்டின் தலைவர் சான்டியாகோ பெர்னபேயுவும், ஹங்கேரி தேசிய அணியை உருவாக்கிய குஸ்தாவ் ஷெபெஷும் அங்கு தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவில் துணைத் தலைவர்கள் ஆனார்கள். ஃபிராங்கோ ஆட்சியில் இருந்த ஸ்பெயினைச் சேர்ந்த ஒருவரும் கம்யூனிஸ்ட் ஹங்கேரியைச் சேர்ந்த ஒருவரும் ஒரே குழுவில் அமர்ந்தது அந்தக் காலத்தில் சிறிய செய்தி அல்ல. முதல் சுற்றில் யார் யாருடன் ஆடுவது என்பது குலுக்கலில் அல்ல, இந்தக் கூட்டத்திலேயே பேசி முடிவுசெய்யப்பட்டது. மே மாதம் ஃபிஃபா இதற்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் அந்தந்த நாட்டுச் சங்கங்கள் சம்மதிக்க வேண்டும், தொடரை யுஇஎஃப்ஏ நடத்த வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஜூன் மாதத்தில் யுஇஎஃப்ஏ பொறுப்பேற்றது. செப்டம்பரில் முதல் ஆட்டம்.

ஒரு நாளிதழ் கூட்டிய கூட்டத்தில் தொடங்கி ஐந்து மாதங்களில் ஆட்டம் ஆரம்பித்த ஒரு தொடருக்கு, சாம்பியன்களை மட்டும் சேர்க்கும் விதியை வைப்பது எளிதல்ல. வார நடுவில் நெடுந்தூரம் பயணம் செய்யத் துணிந்த கிளப், பார்வையாளர்களை ஈர்க்கும் பெயர், முடிந்தால் மின்விளக்கு உள்ள மைதானம் ஆகியவையே தேவைப்பட்டன. அதனால்தான் ஸ்காட்லாந்திலிருந்து சாம்பியன் அபர்டீன் வராமல், லீக்கில் ஐந்தாம் இடம் பெற்றிருந்த ஹிபர்னியன் வந்தது. போர்ச்சுகலில் பென்ஃபிக்கா லீக்கை வென்றிருந்தது, ஆடியது ஸ்போர்ட்டிங். ஹங்கேரியின் ஹொன்வேதுக்குப் பதிலாக வோரோஷ் லோபோகோ ஆடியது. நெதர்லாந்து, டென்மார்க் நாடுகளிலும் முதலில் அழைக்கப்பட்ட கிளப்புகளின் இடத்தில் வேறு கிளப்புகள் வந்தன.

முறை தேவையானது என்று சொல்வதால் அதன் விலையை மறைக்க வேண்டியதில்லை. அபர்டீன் அடுத்த முறை ஸ்காட்லாந்து லீக்கை வென்றது 1980இல். அதுவரை கால் நூற்றாண்டு அந்தக் கிளப் இந்தத் தொடரில் ஆடவே இல்லை. இங்கிலாந்தின் சாம்பியன் செல்சியின் கதை இன்னும் வருத்தமானது. அது அழைக்கப்பட்டது, ஒப்புக்கொண்டது, ஜுர்கோர்டனுடன் ஆடுவதென்றும் முடிவாகியிருந்தது. உள்நாட்டு அட்டவணைக்கு இடையூறு என்று கருதிய இங்கிலாந்து லீக் நிர்வாகத்தின் அழுத்தத்தால் விலகியது. அதன் இடத்துக்கு போலந்தின் க்வார்டியா வார்சா வந்தது. செல்சி இந்தத் தொடரில் முதன்முதலாகக் காலடி வைத்தது 1999இல்தான். எந்த நாட்டுப் பத்திரிகையின் பெருமிதப் பேச்சால் இந்தத் தொடர் பிறந்ததோ அந்த நாடு அதன் முதல் பதிப்பில் இல்லை. அடுத்த ஆண்டு மான்செஸ்டர் யுனைடெட்டின் மாட் பஸ்பி லீக் நிர்வாகத்தின் விருப்பத்தை மீறித் தன் அணியை அனுப்பிய பிறகே அந்தத் தடை உடைந்தது.

1955 செப்டம்பர் 4 அன்று லிஸ்பன் அருகே உள்ள தேசிய மைதானத்தில் ஸ்போர்ட்டிங்கும் யூகோஸ்லாவியாவின் பார்ட்டிசானும் மோதிய முதல் ஆட்டம் 3–3 என முடிந்தது. தொடரின் முதல் கோலை ஸ்போர்ட்டிங்கின் ஜோவோ மார்ட்டின்ஸ் அடித்தார். பெல்கிரேடில் நடந்த மறு ஆட்டத்தில் பார்ட்டிசானின் மிலோஷ் மிலுட்டினோவிச் நான்கு கோல்கள் அடித்து ஸ்போர்ட்டிங்கை வெளியேற்றினார். மொத்தம் எட்டுக் கோல்களுடன் தொடரின் அதிக கோல் அடித்தவரும் அவரே. 29 ஆட்டங்களில் 127 கோல்கள் விழுந்த தொடர் அது. ஹிபர்னியன் ஜெர்மனிக்குச் சென்று எசன் அணியை 4–0 என வென்றது, பின்னர் அரையிறுதி வரை சென்றது. காலிறுதியில் ஜுர்கோர்டனின் சொந்த மைதான ஆட்டம், ஸ்வீடனின் குளிர்காலம் காரணமாக, கிளாஸ்கோவில் நடந்தது என்பது இன்றைய விதிகளுக்குப் பழகியவர்களுக்கு வியப்பூட்டும்.

முதல் சுற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது சார்ப்ரூக்கன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து பிரிக்கப்பட்டு பிரான்ஸின் பாதுகாப்பில் இருந்த சார் பகுதியின் அணி அது. தனி அரசாக, ஐரோப்பிய ஏற்பாட்டின் கீழ் இருப்பதை 1955 அக்டோபர் 23 அன்று அந்த மக்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். பத்து நாள்கூட ஆகாத நிலையில், நவம்பர் 1 அன்று அவர்களுடைய கிளப் மிலானின் சான் சீரோ மைதானத்தில் மிலானை 4–3 என்று வென்றது. சொந்த ஊரில் 1–4 என்று தோற்று வெளியேறியது உண்மைதான். 1957 தொடக்கத்தில் சார் மேற்கு ஜெர்மனியுடன் இணைந்துவிட்டது. லீக் சாம்பியன்கள் மட்டும் என்று விதி இருந்திருந்தால் இந்த ஆட்டம் நடந்திருக்க வழியில்லை.

ஆட்ட முடிவுகளின் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடும் இடம் ரியல் மாட்ரிட் – பார்ட்டிசான் காலிறுதி. ஸ்பெயினுக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் இடையே அப்போது தூதரக உறவு கிடையாது. பார்ட்டிசானோ அந்நாட்டு ராணுவத்தின் கிளப். அப்படியிருந்தும் 1955 கிறிஸ்துமஸ் நாளில் அந்த அணி மாட்ரிட் வந்து ஆடியது. ரியல் 4–0 என்று வென்றதால் மறு ஆட்டம் வெறும் சடங்கு என்றே தோன்றியது. 1956 ஜனவரி 29 அன்று பெல்கிரேடில் தரையெங்கும் பனி மூடியிருந்தது. மாட்ரிட் வீரர்கள் நிற்கவே தடுமாறினார்கள். பெனால்டி அடிக்க வந்த மாட்ரிட் வீரர் ஹெக்டர் ரியால் வழுக்கி அதைத் தவறவிட்டார். மிலுட்டினோவிச்சின் பார்ட்டிசான் 3–0 என முன்னேறி, கோல் கம்பத்தையும் அதிரவைத்தது. இன்னும் ஒரு கோல் விழுந்திருந்தால் மொத்தக் கணக்கு சமமாகியிருக்கும். ரியல் மாட்ரிட் தொடர்ந்து ஐந்து முறை வென்ற வரலாறு அந்த ஒரே ஒரு கோல் விழாததில் நின்றது. இறுதிப்போட்டியைவிட இந்த ஆட்டத்தையே நான் முதல் தொடரின் திருப்புமுனை என்பேன்.

அரையிறுதியில் மிலானைச் சிரமப்பட்டு 5–4 என்ற மொத்தக் கணக்கில் தாண்டிய ரியல், 1956 ஜூன் 13 அன்று பாரிஸின் பார்க் தெ பிரின்ஸ் மைதானத்தில் ஏறத்தாழ 38,000 பேர் முன்னிலையில் ரீம்ஸைச் சந்தித்தது. ரீம்ஸ் அழகாக ஆடும் அணி. ஆல்பர்ட் பட்டோவின் பயிற்சியில், ரேமோன் கோப்பாவைச் சுற்றிக் கட்டப்பட்டது. கோப்பா அந்தக் கோடையிலேயே ரியலுக்கு மாற ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார் என்பதுதான் விசித்திரம். லெப்லான், டெம்ப்லின் அடித்த கோல்களால் பத்தே நிமிடங்களில் ரீம்ஸ் 2–0. உடனே ரியலின் டி ஸ்டெஃபானோ ஒன்றைத் திருப்பினார், அரை மணி நேரத்தில் ரியால் சமன் செய்தார். இரண்டாம் பாதியில் மிஷேல் ஹிதால்கோ தலையால் முட்டி மீண்டும் ரீம்ஸை முன்னிறுத்தினார். பின்னாளில் 1984இல் இதே மைதானத்தில் பிரான்ஸ் தேசிய அணிகளுக்கான ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பை வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர் இவரே. ஆனால் ரியலின் தடுப்பாட்டக்காரர் மார்க்கிடோஸ் முன்னேறி வந்து சமன் செய்ய, 79ஆம் நிமிடத்தில் ரியால் தன் இரண்டாம் கோலை அடித்தார். 4–3. பயிற்சியாளர் ஹோசே வில்லலோங்காவுக்கு அப்போது வயது 36. இந்தக் கோப்பையை அவரைவிட இளைய பயிற்சியாளர் எவரும் இன்றுவரை வென்றதில்லை.

அந்தப் பருவத்தில் ஸ்பெயின் லீக்கை வென்றது அத்லெட்டிக் பில்பாவோ. அடுத்த ஆண்டு 22 அணிகளுடன் தொடர் விரிந்தபோது, சாம்பியன்களே தகுதி பெறுவது வழக்கமாகிவிட்டிருந்தது. அந்தக் கணக்கில் ரியலுக்கு இடம் இருந்திருக்காது. கோப்பையைக் கையில் வைத்திருப்பவர் தானாகவே சேர்க்கப்படுவார் என்ற ஏற்பாட்டால் அது மீண்டும் வந்தது, பில்பாவோவும் வந்தது.