செல்களின் வம்சாவளி: குமரி வாசகர்கள் கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவில், எம்.எஸ்சி. மாணவி: மேடம், கருவில் ஒரு செல் எங்கே போகிறது என்று பார்க்கச் சாயம் போதாதா? மரபணுவை ஏன் தொட வேண்டும்?

சாயம் செல் பிரியப் பிரிய மங்கிவிடும் மக்களே. டி.என்.ஏ.வில் வைத்த குறி ஒவ்வொரு முறையும் சேர்ந்தே நகலாகும். எலியில் அதிகம் பயன்படுவது க்ரீ-லாக்ஸ்பி. க்ரீ, பி1 என்ற பாக்டீரியா வைரஸின் நொதி. லாக்ஸ்பி, அது அடையாளம் கண்டு வெட்டும் சிறு டி.என்.ஏ. வரிசை. ஒளிரும் புரதத்தின் மரபணுவுக்கு முன்னால், இரண்டு லாக்ஸ்பி தளங்களுக்கு நடுவே ஒரு தடையை வைத்துவிடுவார்கள். க்ரீ அதை வெட்டி எடுத்ததும் அந்தச் செல்லும் அதன் சந்ததி முழுவதும் ஒளிரும். டாமாக்சிஃபென் என்ற மருந்தைக் கொடுத்தால் மட்டும் வேலை செய்யும் க்ரீயும் உண்டு. குறி வைக்கும் நாளை நாமே தீர்மானிக்கலாம். குடலின் உட்படலத்தைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்களை 2007-இல் இப்படித்தான் அடையாளம் கண்டார்கள்.

அதே மாணவி: டாமாக்சிஃபென் கொடுக்காமலே சில செல்கள் ஒளிர்கின்றனவே?

க்ரீ கசிகிறது, அதாவது மருந்தில்லாமலே கொஞ்சம் வேலை செய்கிறது. மருந்து கொடுக்காத எலிகளையும் கூடவே எண்ணுங்கள். அப்புறம், மருந்து கொடுத்து ஒன்றிரண்டு நாளில் சிலவற்றை எடுத்து, முதலில் எந்தச் செல்கள் ஒளிர்ந்தன என்று பாருங்கள். அது தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்து வரும் அழகான படத்தை நான் நம்ப மாட்டேன்.

குலசேகரம், ரப்பர் விவசாயி: நாங்கள் மொட்டு ஒட்டுகிறோம். வேர் ஒன்று, மேலே மரம் வேறு. இதுவும் அதுதானா?

நல்ல கேள்வி அண்ணாச்சி, கிட்டத்தட்ட அதுதான். நிக்கோல் லெ துவாரென் என்ற பிரெஞ்சுக் கருவியல் அறிஞர் கோழிக் கருவில் காடைக் கருவின் திசுவை ஒட்டினார். காடைச் செல்லின் உட்கரு பார்த்ததுமே வேறாகத் தெரியும். பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக் குழாயின் விளிம்பிலிருந்து கிளம்பும் செல்கள் தோலின் நிறமிச் செல்களாகவும் குடலின் நரம்புகளாகவும் ஆவதை அப்படித்தான் தொடர்ந்தார்கள். ரப்பரில் செல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். கருவில் வெகுதூரம் நகரும்.

மார்த்தாண்டம், ஆசிரியர்: ஒரே நிறம் போட்டால் எது எந்தச் செல்லின் வாரிசு என்று குழம்பாதா?

குழம்பும். 2007-இல் வந்த பிரெயின்போ என்ற முறை பல நிறங்களைக் கலந்தது, அதற்கும் எல்லை உண்டு. 2016-இல் வரிக்குதிரை மீனில் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் டி.என்.ஏ.வில் சிறு வெட்டுகள் விழச் செய்து, அவற்றை வரிசைப்படுத்திப் படித்தார்கள். வெட்டுகள் பகிரப்பட்டிருந்தால் உறவு. ஆனால் பெரிய வெட்டு ஒன்று பழைய குறிகளையும் தூக்கிப் போய்விடும். உறவில்லாத இரண்டு செல்களில் ஒரே வெட்டு விழுவதும் உண்டு. இப்படி வரையும் வம்ச மரத்தின் ஒவ்வொரு கிளையையும் சத்தியமாக எடுக்காதீர்கள்.

குளச்சல், வாசகர்: மனிதனில்?

குறி வைக்க முடியாது. டி.என்.ஏ. நகலாகும்போது தானாக விழும் பிழைகளைத்தான் படிக்கிறார்கள்.