ஜீவனாம்ச உத்தரவு இருக்கிறது, பணம்தான் வரவில்லை: சட்டக் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஜீவனாம்சப் பாக்கி பற்றியவை. அவற்றை இங்கே சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி: என் மணவிலக்கு ஈப்போ உயர்நீதிமன்றத்தில் முடிந்தது. மாதம் 500 வெள்ளி ஜீவனாம்சம் என்று உத்தரவு. 22 மாதமாகப் பணம் ஒழுங்காக வரவில்லை. கேட்டால் 200 வெள்ளியைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அப்படிக் கொடுத்தது 5 முறை. செம்பனைத் தோட்டத்தில் நிரந்தர வேலையில்தான் இருக்கிறார். தோட்ட ஆபீஸில் கேட்டேன், "சம்பளத்தில் பிடிக்க முடியாது" என்று கிராணி சொல்லிவிட்டார். போலீஸில் புகார் கொடுக்கலாமா? கோயில் கமிட்டியில் பேசி, 5,000 வெள்ளி வாங்கிக்கொண்டு முடித்துக்கொள் என்கிறார்கள்.

பதில்: கிராணி சொன்னது சரிதான், சகோதரி. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அனுமதிக்காத தொகையை முதலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. முன்னாள் மனைவி வந்து கேட்டார் என்று பிடித்தால் தோட்ட நிர்வாகம்தான் மாட்டிக்கொள்ளும். போலீஸும் இதை வசூலித்துத் தராது. இது சிவில் விவகாரம். ஆனால் நீதிமன்றமே தோட்டத்துக்கு உத்தரவிட்டால் அதே கிராணி மாதாமாதம் பிடித்தே ஆக வேண்டும். அதற்கென்றே மணமான பெண்கள், பிள்ளைகளுக்கான ஜீவனாம்ச அமலாக்கச் சட்டம் 1968 முதல் இருக்கிறது. செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலையாள் பதிவேட்டில், பெயர் உள்ள ஆளிடமிருந்து வாங்க இதைவிட நல்ல வழி இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. வீட்டுப் படியேறிக் கேட்க வேண்டாம், அவர் மனநிலையைப் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம்.

முதலில் கையில் இருக்க வேண்டியது நீதிமன்ற முத்திரை வைத்த உத்தரவு. நீதிபதி வாயால் சொன்னதும், வக்கீல் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமும் போதாது. தொலைந்திருந்தால் வழக்கு எண்ணைச் சொல்லி, ஈப்போ நீதிமன்றப் பதிவகத்தில் சான்றளித்த நகல் கேளுங்கள்.

அடுத்து ஒரு கணக்குத் தாள். மாதம், வர வேண்டியது, வந்தது, வந்த தேதி, நிலுவை என்று ஐந்து கட்டம் போதும். உங்கள் கணக்கில் 22 மாதத்துக்கு 11,000 வெள்ளி வர வேண்டும், கையில் வந்தது 1,000, பாக்கி 10,000. அந்த ஆயிரத்தை மறைக்காதீர்கள். நீங்கள் சத்தியம் செய்து தாக்கல் செய்யும் அஃபிடவிட்டில் அது விடுபட்டிருந்து, அவர் தரப்பு சாட்சியோடு வந்தால், மீதிப் பத்தாயிரத்தின் மீதும் சந்தேகம் விழும். இனிமேல் ரொக்கமாக வாங்காதீர்கள். இதற்கென ஒரு பேங்க் கணக்கு எண்ணைக் கொடுத்து அதில் மட்டும் போடச் சொல்லுங்கள். "கையில் கொடுத்தேன்", "இல்லை" என்ற வாதத்திலேயே பல வழக்குகள் இழுபடுகின்றன.

மனு போடும்போது அவருடைய அடையாள அட்டை எண், தோட்டத்தின் சரியான பெயர், அதை நடத்தும் கம்பெனியின் பெயர் மூன்றும் வேண்டும். தோட்டத்துக்கு ஊரில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் கம்பெனிக்கு வேறு பெயர் என்பது நம் பக்கத்தில் சாதாரணம். ஊர்ப் பெயரில் உத்தரவு வாங்கினால் நிர்வாகம் திருப்பி அனுப்பிவிடும். பழைய சம்பளச் சீட்டு ஒன்று இருந்தாலும் பத்திரமாக வையுங்கள். இன்னொரு சிக்கல்: அவர் வேறு தோட்டத்துக்கோ காண்டிராக்ட் வேலைக்கோ மாறினால் பழைய முதலாளி பிடிப்பது நின்றுவிடும். புது முதலாளி யார் என்று தெரிந்த உடனே நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

சேர்ந்துபோன 10,000 வெள்ளிக்குக் கடன் சம்மன் போடலாம். அவர் நீதிமன்றத்தில் நின்று தன் வருமானத்தையும் சொத்தையும் சொல்ல வேண்டும். நீதிமன்றம் தவணை குறிக்கும். பேங்கில் பணம் இருப்பது தெரிந்தால் அந்தக் கணக்கின் மீதே உத்தரவு கேட்கலாம். நீதிமன்ற அவமதிப்பு என்று சிறைக்கு அனுப்பும் மனுவும் உண்டு. அதில் நடைமுறை மிகக் கறார்: மீறினால் சிறை என்ற எச்சரிக்கை வாசகம் உத்தரவின் நகலில் பதிந்திருக்க வேண்டும், அது அவர் கையிலேயே சேர்ந்திருக்க வேண்டும். இவை இல்லாமல் போட்ட மனு தள்ளுபடியாகும். உள்ளே போனவருக்குச் சம்பளமும் நின்றுவிடும் என்பதால், இதைக் கடைசியில் எடுக்கச் சொல்கிறோம்.

கமிட்டி பேசும் 5,000 வெள்ளிக்கு அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு இனி ஜீவனாம்சமே வேண்டாம் என்று எழுதும் ஒப்பந்தம், நீதிமன்றம் ஏற்கும் வரை செல்லாது. 1976-ஆம் ஆண்டு மணச் சட்டத்தின் 80-ஆவது பிரிவு சொல்வது இது. உங்களுக்கு வர வேண்டிய பாக்கி மட்டுமே அதைப் போல இரண்டு மடங்கு.

தள்ளிப்போடவும் கூடாது. அதே சட்டத்தின் 86-ஆவது பிரிவுப்படி, வழக்குப் போடும் நாளுக்கு மூன்று ஆண்டுக்கு முந்தைய பாக்கியை வசூலிக்க முடியாது. 2025 ஜூனில் போட்டால் 2022 ஜூனுக்கு முந்தையது போனதுதான். பாக்கி அந்த எல்லையைத் தொட்ட பிறகு, நீங்கள் காத்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 500 வெள்ளி கரைகிறது. "பிள்ளைகளின் அப்பாவாயிற்றே, பார்ப்போம்" என்று பொறுத்திருந்த பெண்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் ஜாபாத்தான் பந்துவான் குவாமான் என்னும் சட்ட உதவித் துறையின் ஈப்போ கிளைக்குப் போங்கள். வருமானம் பார்த்துத்தான் வழக்கை எடுப்பார்கள். அடையாள அட்டை, உத்தரவு, கணக்குத் தாள், பேங்க் அறிக்கை, உங்கள் சம்பளச் சீட்டு ஆகியவற்றை முதல் நாளே கொண்டுபோனால் வீண் அலைச்சல் மிச்சம்.

கேள்வி: என் முன்னாள் கணவர் ஜீவனாம்சம் கொடுக்காமல், தன் பெயரில் இருந்த மலிவு விலை வீட்டைத் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டார். இனி அதில் கை வைக்க முடியாதா? அவருடைய இ.பி.எஃப். (ஊழியர் சேம நிதி) பணத்தையாவது பிடிக்கலாமா?

பதில்: இ.பி.எஃப். நிதியில் இருக்கும் சேமிப்பைக் கடனுக்காகப் பறிமுதல் செய்ய முடியாது. 1991-ஆம் ஆண்டு இ.பி.எஃப். சட்டமே தடுக்கிறது. வீட்டு விஷயம் வேறு. ஜீவனாம்ச உத்தரவு நடப்பில் இருக்கும்போது, அதைக் கொடுக்காமல் தப்பிக்கும் நோக்கத்தில் கடந்த மூன்று ஆண்டுக்குள் செய்த சொத்து மாற்றத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். இது 1976 சட்டத்தின் 102-ஆவது பிரிவு. நல்லெண்ணத்தோடு, விஷயம் தெரியாமல், உரிய விலை கொடுத்து வாங்கியவரிடம் இது செல்லாது. தம்பிக்கு இனாமாக எழுதியது அந்த விலக்கில் வராது. நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி, பட்டா விவரம் தேடி, மாற்றம் பதிவான தேதியையும் காட்டியிருக்கும் விலையையும் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். அந்தத் தேதியில்தான் வழக்கே நிற்கிறது.

கேள்வி: நான் பால்மரம் வெட்டுகிறேன். தொடர் மழையில் வேலை நாள் குறைந்து, மாதம் 600 வெள்ளி ஜீவனாம்சம் கட்ட முடியவில்லை. பாதிதான் கொடுக்கிறேன். ஜெயிலில் போடுவார்களா?

பதில்: தம்பி, பாதி என்று நீங்களே முடிவு செய்ததுதான் ஆபத்து. மீதி 300 வெள்ளி ஒவ்வொரு மாதமும் கடனாக ஏறுகிறது. நிலைமை உண்மையிலேயே மாறியிருந்தால், தொகையைக் குறைக்கச் சொல்லி 1976 சட்டத்தின் 83-ஆவது பிரிவின் கீழ் மனுப் போடுங்கள். மழைக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளும் பிந்தையவையும், வேலை நாள் காட்டும் செக்ரோல் நகலும் வேண்டும். ஒரு மாத மழை காரணமாகாது. குறைவு தொடர்கிறது என்று காட்ட வேண்டும். மனு முடியும்வரை கொடுக்க முடிந்ததை பேங்கில் போட்டு ரசீதை வையுங்கள். கொடுக்க வழியில்லாதவரையும் வேண்டுமென்றே கொடுக்காதவரையும் நீதிமன்றம் பிரித்துத்தான் பார்க்கும்.

கேள்வி: நாங்கள் தமிழ் முஸ்லிம்கள். என் மகளுக்கும் இந்தச் சட்டம்தானா?

பதில்: இல்லை அம்மா. 1976 சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு ஷரியா நீதிமன்றம். மனைவிக்கான நஃபகா (ஜீவனாம்சம்), மணவிலக்குக்குப் பின் காத்திருக்கும் இத்தா காலத்தோடு முடியும், பிள்ளைகளின் நஃபகா அதற்குப் பிறகும் தொடரும். கொடுக்காமல் விட்ட பாக்கிக்கும் அங்கேயே வழக்குப் போடலாம். ஷரியா நீதித் துறையின் குடும்ப ஆதரவுப் பிரிவு, நஃபகா உத்தரவை அமல்படுத்த உதவுவதற்கென்றே இருக்கிறது. மகளை உத்தரவோடு அங்கே அனுப்புங்கள்.