சூங் மெய்-லிங் – கடிதம்

வணக்கம் சார்,

சீன உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரையில் அன்றைய சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் மனைவி சூங் மெய்-லிங்கை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அமெரிக்காவில் படித்த அந்த அம்மாள்தான் உண்மையில் ஆட்சி நடத்தினார், சியாங் வெறும் தலையாட்டி பொம்மை என்று படித்திருக்கிறேன். சரியா?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

தலையாட்டி பொம்மை என்பதை என்னால் ஏற்க முடியாது. 1927 டிசம்பரில் மெய்-லிங்கை மணப்பதற்கு முன்பே சியாங் பெரும்படைக்குத் தளபதி. கல்யாணத்தால் அவருக்கு வந்தது சூங் குடும்பத்தின் செல்வாக்கு, சீனக் குடியரசை நிறுவி மறைந்த சன் யாட்-சென்னுக்குச் சகலை என்ற பெருமை, அமெரிக்கர்களிடம் அவர்கள் பாஷையிலேயே பேசத் தெரிந்த மனைவி. சியாங்குக்கு ஆங்கிலம் வராது. மெய்-லிங்கோ சிறுமியாகவே அமெரிக்கா போய், 1917-ல் வெல்லெஸ்லி கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முடித்தவர்.

உங்கள் வாதத்துக்கு வலு சேர்ப்பது சியான் சம்பவம்தான். 1936 டிசம்பர் 12 அன்று சியான் நகரில் தளபதி ஜாங் சூயெலியாங், கம்யூனிஸ்டுகளோடு சண்டையை நிறுத்தி ஜப்பானை எதிர்க்க வேண்டும் என்று கேட்டு, சியாங்கைச் சிறைபிடித்தார். சியான்மீது படையெடுக்க வேண்டும் என்று தலைநகர் நான்ஜிங்கில் ஒரு கோஷ்டி துடித்தது. மெய்-லிங் அதற்குக் குறுக்கே நின்று, தானே சியானுக்கு விமானம் ஏறினார். இறங்கும் முன் கைத்துப்பாக்கியை ஆலோசகர் டொனால்டிடம் கொடுத்து, சிப்பாய்கள் என்மேல் கை வைத்தால் என்னைச் சுட்டுவிடுங்கள் என்றாராம். அவரே எழுதியிருக்கிறார். 25-ம் தேதி சியாங் விடுதலையானார் (கம்யூனிஸ்ட் தலைவர் ஜோ என்லாய் பேசியதற்கும் அதில் பங்குண்டு). ஆனால் நம்பிக் கூடவே வந்த ஜாங்கை சியாங் காவலில் வைத்தார். அது ஐம்பது வருஷத்துக்கு மேல் நீண்டது. மெய்-லிங்கால் தடுக்க முடியவில்லை.

அவருடைய நிஜமான களம் வாஷிங்டன். 1943 பிப்ரவரி 18 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் பேசினார். போன ஊரிலெல்லாம் கூட்டம் அலைமோதியது. அந்த டிசம்பரில் சீனர் குடியேற்றத் தடைச் சட்டமே நீக்கப்பட்டது (ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் இடம் என்பது வேறு கதை). ஆனால் வெள்ளை மாளிகை விருந்தில், சுரங்கத் தொழிலாளர் தலைவர் ஜான் லூயிஸ் மாதிரி ஆளை உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று அதிபர் ரூஸ்வெல்ட் கேட்டபோது, வாய் திறக்காமல் கையால் கழுத்தில் கோடு இழுத்தார். இதை அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் பதிவு செய்திருக்கிறார். வெல்லெஸ்லி தந்தது ஆங்கிலத்தை. அரசியல் என்னவோ சியாங்கின் அரசியல்தான்.

1948 கடைசியில் உதவி கேட்டு மறுபடி அமெரிக்கா போனபோது அதிபர் ட்ரூமன் கைவிரித்துவிட்டார். அடுத்த வருஷம் கம்யூனிஸ்டுகளிடம் தோற்று சியாங் தைவானுக்கு ஓடினார். 1975-ல் சியாங் இறந்ததும் அதிகாரம் மூத்தாள் மகன் சியாங் சிங்-குவோ கைக்குப் போனது. மெய்-லிங் அதே வருஷம் நியூயார்க்குக்குப் பெட்டி கட்டினார்.