சொகுசு எஸ்யூவியில் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒன்றாக எரிகிறது. மாட்யூலை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டிருப்பவர் பாலக்கோட்டுக்காரர். வண்டிக்கு மூன்று வயதுதான். நான்கைந்து நாள் நிறுத்திவிட்டு எடுத்தால் கியர், பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் என்று வரிசையாக எச்சரிக்கை வருகிறது. சில நாள் ஸ்டார்ட்டே ஆவதில்லை. சர்வீஸ் சென்டரில் கியர் மாட்யூலை, அதாவது கியரைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியை, மாற்றச் சொல்லி லட்சக்கணக்கில் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். மாற்றலாமா என்கிறார்.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நான் கிருஷ்ணகிரியில் வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன். நான்கு பாகங்கள் ஒரே காலையில் சேர்ந்து கெட்டுப்போவது மிக அபூர்வம். அப்படித் தெரிந்தால் நான்குக்கும் பொதுவாக இருப்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்: பேட்டரி, எர்த் (பேட்டரி நெகட்டிவை வண்டியின் உடம்போடும் இஞ்சினோடும் சேர்க்கும் இணைப்பு), அப்புறம் மாட்யூல்களை இணைக்கும் வயர்.

இந்த வகை வண்டியில் எழுபது, எண்பது மாட்யூல்கள் சாதாரணம். நூறைத் தாண்டுவதும் உண்டு. இவை பெரும்பாலும் கேன் என்ற முறுக்கிய இரட்டை வயர் வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன. பாஷ் 1986-இல் அறிமுகப்படுத்திய முறை இது. செல்ஃப் அடிக்கும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். நல்ல பேட்டரி பத்துக்குப் பக்கத்திலாவது தாங்கி நிற்கும். தளர்ந்தது 9, 8 என்று விழும். அந்த நொடியில் சில மாட்யூல்கள் அணைந்து மறுபடி எழும். அணையாமல் இருந்தவை 'இன்னார் பதில் தரவில்லை' என்று பதிந்து வைக்கும். வண்டியில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனரில் 'யு' எழுத்தில் தொடங்கும் கோடுகள் (கோளாறு எண்கள்) பெரும்பாலும் இவைதான். யு0101 வந்திருந்தால் கியர் மாட்யூலோடு தொடர்பு அறுந்தது என்று பொருள். மாட்யூல் செத்துவிட்டது என்று அந்தக் கோடு சொல்லவில்லை. அதை வைத்து மட்டும் எஸ்டிமேட் போட்டால் பெரும்பாலும் உங்கள் பணம்தான் வீண். பல கோடுகளோடு அது பதிந்த நேரமும் கிலோமீட்டரும் இருக்கும். எல்லாம் ஒரே கிலோமீட்டரில் பதிந்திருந்தால் காரணம் ஒன்றுதான் என்று நம்பித் தேடலாம்.

முதலில் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். உங்கள் வண்டியில் பேட்டரி சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ இருக்கலாம். பானட்டுக்குள் அதற்கென்று தனி முனைகள் விட்டிருப்பார்கள், அங்கேயே அளக்கலாம். அடுத்து செல்ஃப் அடிக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இஞ்சின் பிளாக்கிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையிலோ அதன் போல்ட்டிலோ கோளாறு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினால் தீர்ந்துவிடக்கூடிய வேலை அது.

நீங்கள் சொன்ன 'நான்கைந்து நாள் நிறுத்தினால்' என்பதில்தான் எனக்குக் கண். பூட்டிய வண்டி தூங்கப் போகவேண்டும், அதாவது மாட்யூல்கள் ஒவ்வொன்றாக அணைந்து அடங்கவேண்டும். தூங்கிய பிறகு அது இழுக்கும் கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. ஒரு நாளில் பேட்டரியிலிருந்து ஒரு ஆம்பியர்-அவர் (ஒரு ஆம்பியர் கரண்ட் ஒரு மணி நேரம் ஓடும் அளவு) சொச்சம்தான் போகும், இரண்டு வாரம் நின்றாலும் பயமில்லை. ஏதோ ஒன்று தூங்காமல் அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளில் 12 ஆம்பியர்-அவர் போய்விடும். பேட்டரி 95 ஆம்பியர்-அவர் என்றாலும் ஐந்தாம் நாள் பாதிக்கு மேல் காலி. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. வீட்டிலிருந்து மண்டிக்கும் மண்டியிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு இழந்ததைத் திரும்ப ஏற்ற நேரமும் கிடைப்பதில்லை.

இதை அளக்கப் பொறுமை வேண்டும். சாவியை வண்டிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது, சாவி அருகில் இருந்தால் வண்டி விழித்துக்கொண்டே இருக்கும். பானட் லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, வண்டியைப் பூட்டி, குறைந்தது அரை மணி நேரம் காத்திருந்து கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிக் கவ்வி கரண்ட் அளக்கும் மீட்டர்) போடவேண்டும். அளவு அதிகமாக இருந்தால் பலர் பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். பிடுங்கிச் செருகும்போது தூங்கிய மாட்யூல் எழுந்துவிடும், கணக்கு குழம்பும். பியூஸைக் கழற்றாமல் அதன் தலையிலுள்ள இரண்டு புள்ளிகளில் மில்லி வோல்ட் பார்ப்பதுதான் சரியான முறை. எதில் அளவு காட்டுகிறதோ அந்த வழியில்தான் கரண்ட் ஓடுகிறது. வெளியில் மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி, ஆம்ப்ளிஃபயர் இருந்தால் முதலில் அவற்றைத்தான் பாருங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. தோப்புக்காரர்கள் வண்டியை மாமரத்தடியில் நிறுத்துகிறார்கள். தை, மாசியில் பூ உதிர்ந்து சன்ரூஃப் ஓரத்தில் சேரும், அதன் மேல் புழுதியும் சருகும் படியும். சன்ரூஃப் கால்வாயிலிருந்து தண்ணீர் இறங்க மூலைகளில் மெல்லிய குழாய்கள் இருக்கின்றன, அவை அடைத்துக்கொள்ளும். கோடை மழை ஒன்று அடித்தால் தண்ணீர் தூண் வழியாக உள்ளே இறங்கி கார்பெட்டுக்கு அடியில் தங்கும். பல வண்டிகளில் கனெக்டர்களும் சில மாட்யூல்களும் அங்கேதான் இருக்கின்றன. மேலே கார்பெட் காய்ந்தே இருக்கும். அடியிலுள்ள ஸ்பாஞ்சை அழுத்தினால்தான் தண்ணீர் தெரியும். பின்கள் பச்சை பூத்து, ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்காய் வியாபாரியின் வண்டியில் இதைத்தான் கண்டுபிடித்தோம். அவருக்கும் மாட்யூல் மாற்றச் சொல்லித்தான் எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். கனெக்டரைச் சுத்தம் செய்து, கெட்ட பின்களை மாற்றி, குழாய் அடைப்பை எடுத்ததோடு சரியாகிவிட்டது. அந்த மனிதர் அந்த எஸ்டிமேட்டுக்காகக் கடன் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. எலி கடித்த வயரும் குடோன் பக்கம் நிற்கும் வண்டிகளில் சகஜம், அதையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

நடுவில் பேட்டரி மாற்றியிருந்தால் அது எந்த வகை என்று பாருங்கள். நின்றால் இஞ்சின் தானே அணையும் வசதியுள்ள வண்டிக்கு அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகைப் பேட்டரிதான் போடவேண்டும், சாதாரணப் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். புதுப் பேட்டரி போட்டதைப் பல வண்டிகளில் ஸ்கேனர் மூலம் பதிவும் செய்யவேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் கொடுக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் கேன் வயர். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே அளந்தால் 60 ஓம் வரவேண்டும். இரு முனையிலும் தலா 120 ஓம் இருப்பதால் அந்தக் கணக்கு. ஆனால் சொகுசு வண்டிகளில் சாக்கெட்டுக்கும் உள் வயர்களுக்கும் நடுவில் கேட்வே என்ற மாட்யூல் ஒன்று இருக்கும், சாக்கெட்டில் 60 வந்ததால் உள்ளே எல்லாம் நலம் என்று முடிவு கட்டிவிட முடியாது.

வழியில் நின்றுவிட்டால் ஒன்றை மறக்காதீர்கள். 44-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் நல்ல மனசோடு தங்கள் பேட்டரியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்ய, அதாவது ஜம்ப் கொடுக்க வருவார்கள். லாரியில் இருப்பது 24 வோல்ட். அதை உங்கள் வண்டிக்குக் கொடுத்தால் இதுவரை நன்றாக இருந்த மாட்யூல்களும் உண்மையிலேயே போய்விடும். நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-க்குப் போன் செய்து உதவி கேளுங்கள். எச்சரிக்கை விளக்குகள் எரியும் நிலையில் தொப்பூர் கணவாயில் இறங்கவும் வேண்டாம். இஞ்சின் அணைந்துவிட்டால் ஸ்டீயரிங் கனக்கும், ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் இறுகிவிடும். அழுத்தி மிதித்தால் பிடிக்கும்தான், ஆனால் அந்தச் சரிவில் பின்னால் சரக்கு லாரி வரும்போது அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

சர்வீஸ் சென்டரில் கோடுகளை அழிப்பதற்கு முன்பே ஸ்கேன் ரிப்போர்ட்டை அச்சடித்து வாங்குங்கள். மாட்யூலுக்கு வரும் பவரையும் எர்த்தையும் அளந்தார்களா, எவ்வளவு இருந்தது என்று எழுதிக் கேளுங்கள். வாரண்டி இருந்தால் வெளியில் எந்த வயரையும் வெட்ட விடாதீர்கள், என்னிடம் வந்தாலும் நான் அளந்து மட்டும் சொல்லுவேன். அவர்கள் பதிலே தராமல் இழுத்தடித்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டி என்றால் தருமபுரி மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் கிடையாது. 2 கோடி வரை சென்னையிலுள்ள மாநில ஆணையத்தில்தான் மனு போடவேண்டும், அதற்கு இந்த ரிப்போர்ட்டும் எழுத்துப் பதிலும் கையில் இருக்கவேண்டும்.